k என்க

என் மாமனார் யாரையும் நம்பமாட்டார். நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், அவரே மார்தட்டிச் சொல்லிக்கொள்கிற விஷயம்தான் இது. கடையில் வாங்கிய மாவை வீட்டுக்கு வந்து சொந்தத் தராசில் இன்னொரு தடவை நிறுப்பார். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை இரண்டு கடையில் காட்டுவார். நான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணப் பேச்சு வந்தபோது, நான் பராமரிக்கிற கட்டடம் ஒன்றுக்குச் சொல்லாமல் போய், அந்த லிஃப்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பெண் கொடுக்கச் சம்மதித்தார். அன்றைக்கு அது நடுவில் நின்றிருந்தால் என் கல்யாணமும் அங்கேயே நின்றிருக்கும்.

அவர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையில் டியூஷன் எடுக்கிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘என்க சார்’. எந்த எழுத்தும் கரும்பலகையில் சும்மா வந்து உட்கார அவர் விடமாட்டார். ‘தேவையான எண்ணை x என்க’ என்று முதல் வரி எழுதினால்தான் இரண்டாம் வரியில் x-க்கு இடம். அதை எழுதாமல் கணக்குப் போட்டால், விடை சரியாக வந்தாலும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். “யாரு இவன்? ஊர் பேர் சொல்லாம உள்ள வந்து உக்காந்திருக்கான்?” என்று அந்த x-ஐக் காட்டிக் கேட்பார். போன கணக்கில் அது மகனின் வயது, இந்தக் கணக்கில் தொட்டியின் நீளம். ஒவ்வொரு தடவையும் விசாரித்துத்தான் உள்ளே விடவேண்டும் என்பது அவர் கட்சி. k என்றால் மாறிலி, கணக்கு முடிகிற வரைக்கும் மதிப்பு மாறாது. மற்ற வாத்தியார்களுக்கு அதனால் k மேல் தனிப் பிரியம். இவர் அதைத்தான் அதிகம் முறைப்பார். “மாறவே மாட்டேன்னு சொல்றவனைத்தான் முதல்ல பிடிச்சு விசாரிக்கணும்” என்பார்.

அந்த வீட்டில் வளர்ந்தவள் என் மனைவி. சின்ன வயதில் “என் பென்சிலை எடுத்தவரை x என்க” என்றுதான் சண்டையையே ஆரம்பிப்பாளாம். இப்போது எங்கள் ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தினமும் அப்பாவிடமிருந்து செய்தி வரும். வேலைக்குப் போய்விட்டாயா, வந்துவிட்டாயா, கதவைப் பூட்டினாயா. கல்யாணமான புதிதில் இவளும் வரிவரியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் வெறும் k என்று போனது.

முதல் k-வைக் கைதவறி விழுந்தது என்று நினைத்திருக்கிறார். மறுநாளும் k. அதற்கு மறுநாளும். டியூஷன் பிள்ளைகளிடம், ஏதோ பாடத்தில் சந்தேகம் போல, மெதுவாக வாயைப் பிடுங்கியிருக்கிறார். இதை என் மாமியார்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

“ஓகேவோட சுருக்கம் சார்” என்றதாம் ஒரு பெண். “ரெண்டு k போட்டா பாசம். ஒரே ஒரு k போட்டா, போதும், ஆளை விடுன்னு அர்த்தம்.”

“எங்க அக்கா வீடியோவுக்கு ரெண்டு k வியூஸ் சார். அதுல k-ன்னா ஆயிரம்” என்றதாம் இன்னொன்று.

அன்றைக்கு வகுப்பைப் பாதியில் அனுப்பிவிட்டார். “என் பொண்ணு ஊர் பேர் சொல்லாம ஒரு எழுத்தை அனுப்பமாட்டா. இதை வேற யாரோ அடிக்கிறாங்க” என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கணக்கில் அந்த வேறு யாரோ நான்தான். ராத்திரி இவளைக் கூப்பிட்டுப் பேசினார். இவள் அலுப்பில் “நல்லா இருக்கேன்பா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தை அவரை எப்படி ஆட்டியது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்தால் மாமனார். கையில் பை இல்லை. இவர் தங்க வரவில்லை, பெண்ணைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

“வாங்க மாமா. ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?”

“பண்ணினா நீங்க தயாராயிடுவீங்களே. அவ எங்க?”

“குளிக்கிறா.”

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு படுக்கையறைக் கதவருகே போய், வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார்.

“இது எதுக்கு வெளிப்பக்கம்?”

“வீட்டுக்காரர் போட்டது மாமா.”

“எப்போ?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. என் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த இவள் ஃபோனைப் பார்த்தார்.

“அவ ஃபோன் ஏன் உங்ககிட்ட இருக்கு?”

“பிளக் இங்கதான் இருக்கு மாமா.”

ஈரத் தலையோடு இவள் வெளியே வந்தாள். முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் முதலில் பார்த்தது இவள் கைகளைத்தான். வலது முழங்கையில் நீலம் பாய்ந்திருந்தது.

“லேப் கதவுல இடிச்சுக்கிட்டேன்பா” என்றாள்.

“கிளம்பு. நம்ம வீட்டுக்குப் போலாம்.”

“எதுக்கு?”

“அந்த k-வை யாரு அனுப்புறா?”

“நான்தான்.”

“இங்க வேண்டாம், மாடிக்கு வந்து சொல்லு.”

“இங்கயே சொல்றேன். நான்தான்பா.”

நான் குறுக்கே விழுந்தேன். “லேப்ல கிளவுஸ் போட்டிருப்பா மாமா. விரல் முட்டியால ஒரு எழுத்து தட்டுறதே பெரிசு.” அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இது அவரால் சரிபார்க்க முடிகிற காரணம். இவள் அதோடு விட்டிருக்கலாம்.

“கிளவுஸ் இல்லாதப்பவும் k தான் போடுறேன்” என்றாள். “போனியா, வந்தியா, பூட்டினியா. என்னைக்காவது உங்க கேள்வி மாறியிருக்காப்பா? நீங்க பேசல, விசாரிக்கிறீங்க. எனக்கு மூச்சு முட்டுது. மாறாத கேள்விக்கு மாறாத பதில்.”

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

“என் தங்கச்சி பக்கத்து வீட்டு ஃபோன்லேருந்து வாராவாரம் பேசுவா” என்றார். “‘நல்லா இருக்கேன் அண்ணா.’ அதே வார்த்தை, அதே குரல். மாறாம வருதே, நல்லாத்தான் இருக்கான்னு நானும் இருந்துட்டேன். அவ புருஷன் பக்கத்துல நின்னு சொல்ல வச்சிருக்கான். நான் போய்ச் சேர்ந்தப்ப அவ இல்ல.”

அப்படி ஒரு அத்தை காய்ச்சலில் போனாள் என்றுதான் இவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். இவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். தாழ்ப்பாளுக்காக அவர் மேல் எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

அதற்காக மனுஷன் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். பஸ்ஸுக்குப் போகிற வழியில், “அந்த லேப் கதவை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்” என்றார். மூன்று பேரும் போனோம். பூட்டிக்கிடந்த கண்ணாடிக் கதவின் பக்கத்தில் மகளை நிற்க வைத்து, இரும்புக் கைப்பிடி முழங்கை உயரத்துக்கு வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வந்தது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி. ‘இன்று பிள்ளைகள் அதிகம் வரவில்லை. முட்டி வலிக்கிறது. உன் அத்தை நினைவாகவே இருக்கிறது.’ அதில் ஒரு கேள்விகூட இல்லை. இவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் தட்ட ஆரம்பித்தாள். தட்டினாள், தட்டினாள், நான் டீ போட்டு முடித்தும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அது போன கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. இவளுடையது அல்ல, என்னுடையது.

“மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லுங்க. இவ்வளவு நீளமா அடிச்சது அவதானா?”

“அவதான் மாமா.”

“நம்பலாமா?”

இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். “முதல் வரியை விட்டுட்டுப் படிச்சீங்களா? அதைச் சத்தமா படிங்க.”

அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. வகுப்பில் படிக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“‘இதை எழுதுபவளை உங்கள் மகள் என்க.’”

அதே வரியை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார். கடைசியில், “சரி, இது அவதான்” என்றார், யாரிடமோ சொல்வது போல.