மாமாவின் கீச்சு நாற்காலி

வடகரையில் என் மாமா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். உட்கார, தென்காசியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட சுழல் நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது 'கிரீச்' என்று கத்தும்.

"அண்ணாச்சி, சேருக்குள்ள எலி வளக்கீரோ?" என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கேட்பார்கள். மாமா சிரித்துக்கொள்வார். பள்ளி விட்டதும் அங்கே போய் உட்காரும் எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

போன் பேசும் அறையின் கண்ணாடிக் கதவு முழுக்கக் குற்றாலம் அருவிப் படம் ஒட்டியிருந்தது. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது. புழுக்கத்துக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் பேசுவார்கள். வருவது பெரும்பாலும் புருஷன் வளைகுடாவில் இருக்கும் பெண்கள். லைன் கிடைத்ததும் மாமா ஒரு 'கிரீச்'சோடு ரோட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்.

சத்தம் எங்கிருந்துதான் வருகிறது? மாமா சாப்பிடப் போன நேரத்தில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். தண்டில் தேங்காய் எண்ணெய் விட்டேன். ஒரு நாள் சும்மா இருந்தது; தூசி சேர்ந்ததும் முன்னைவிட மோசமாகக் கத்தியது. அம்மாவின் முகப்பவுடரைத் தூவினேன். மணத்தது, அவ்வளவுதான். தலைவலித் தைலம் தடவிய அன்று, வந்தவர்களெல்லாம் மாமாவின் உடம்பை விசாரித்தார்கள். கடைசியில் மெழுகுவர்த்தியை உருக்கி எண்ணெயில் குழைத்துப் பூசினேன். மாமா ஒரு முழுச் சுற்று சுற்றினார். சத்தமே இல்லை.

"ஏட்டி, நீ இஞ்சினியருல்லா!" என்றார்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தாள். கல்யாணமான சில மாதத்திலேயே அவள் புருஷன் துபாய் போய்விட்டார். வாரந்தோறும் வந்து நெடுநேரம் பேசுவாள். அந்த வாரம் உள்ளே போனவள், "நல்லாருக்கேன் மச்சான், நீங்க சாப்பிட்டியளா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு கதவிடுக்கில் குரல் வந்தது.

"அண்ணாச்சி, இங்கன பாத்துக்கிட்டா இருக்கிய?"

"இல்ல தாயி, ரோட்டத்தான் பாக்கேன். நீ பேசு."

அவள் போனை வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டாள். அடுத்த வாரம் வரவேயில்லை. பேசுவதற்குச் செங்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறாள் என்று மாமி சொன்னாள்.

மாமா வெகுநேரம் அந்த அருவிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். என் மெழுகெல்லாம் வழிந்து ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அது கத்தட்டும்ட்டி," என்றார் மாமா. மாமியிடம், "அந்தப் பிள்ளைட்ட, சேரு பழையபடி கத்துதுன்னு மட்டும் சொல்லிரு," என்றார்.

இதையெல்லாமா வீடு தேடிப்போய்ச் சொல்வார்கள்?

ஆனால் அக்கா வந்தாள். லைன் கிடைத்தது. மாமா வழக்கத்தைவிட அழுத்தியே திரும்பினார். கிரீச்! அருவிப் படத்துக்குப் பின்னாலிருந்து, "எப்ப வருவிய மச்சான்..." என்று தொடங்கிய குரல் உடைந்து, விம்மல் கேட்டது. மாமா திரும்பவேயில்லை.

பாவம், காதைக் கிழிக்கும் அந்தச் சத்தம்தான் அவளை அழவைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் பள்ளிக்குப் போகும்போது, மிச்சமிருந்த மெழுகுவர்த்தித் துண்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.