வெள்ளை அட்டை

பெர்லித்தாவிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. பேசினால் வெட்டுக்கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்தி நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள், அதோடு சரி. பாவாடை கட்டத் தெரிந்த வயதிலிருந்து பன்றியின் கழுத்தில் கத்தி இறக்கியவள். மூங்கிலில் கோத்து, கரி நெருப்பில் விடிய விடியச் சுழற்றி, தோல் கண்ணாடி மாதிரி நொறுங்கும்படி வாட்டி விற்பாள். செபு தீவின் வடகரையில் அந்தச் சந்தைத் தெருவில் லெச்சோன் என்கிற அந்த முழுப்பன்றி வறுவல் என்றால் அவள் பெயர்தான் முதலில் வரும். கோபக்காரி என்றாலும் அவள் பெயர்தான்.

அவள் கணவன் ருபெர்த்தோ நேர்மாறான ஆள். சந்தையை இடித்துப் பெரிய கடைத்தொகுதி கட்டப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று வந்தவர்களிடம், சந்தை வியாபாரிகள் சார்பில் சிரித்துக்கொண்டே "முடியாதுங்க" என்று சொன்ன மனுஷன். அதற்குத்தான் சுட்டார்கள். பேச வந்தவர்கள் வெறும் தரகர்கள், பின்னால் இருந்து பணம் போட்டவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கடை வாசலில் காப்பிக் குவளையோடு நின்றவன் முன்னால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பின்னால் இருந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே சுட்டான். ஓட்டி வந்தவன் மட்டும் முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஆள் செத்துவிட்டானா என்று எட்டிப் பார்த்தான். அந்த முகத்தைப் பெர்லித்தா பார்த்துவிட்டாள். டொட்டோய். கிறிஸ்துமஸுக்கு அவள் கையாலேயே கறி வாங்கித் தின்ற பயல். ருபெர்த்தோவின் மண்டையிலிருந்து தெறித்தது கறிப்பலகை முழுக்க ஒட்டியிருந்தது. வேறு யாரையும் தொடவிடாமல் அவளே அதைக் கையால் வழித்து எடுத்தாள்.

டொட்டோயைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். சுட்டவன் யாரென்றே தெரியவில்லை. அரசு வக்கீல் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ மட்டும் சாட்சி சொல்லிட்டா டொட்டோய்க்கு ஆயுசு முழுக்க ஜெயில். அந்தப் பயத்துலயே அனுப்புனவன் பேரைக் கக்கிடுவான். அவனை விட்டா நமக்கு வேற துப்பு கிடையாது. விசாரணை வரைக்கும் நீ உயிரோட இரு, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். ஜெயில் எல்லாம் பெர்லித்தாவுக்குப் பெரிதில்லை. அந்தப் பெயர் வேண்டும். எவன் காசில் தன் புருஷன் செத்தான் என்று தெரியவேண்டும். அதற்காகத்தான் லைசென்ஸுக்கு அலைந்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கினாள்.

வாங்கியாயிற்று, சுடச் சொல்லித் தருவது யார்? முதலில் கைபேசியில் படம் பார்த்துப் பழகினாள். ஒரு தோட்டா தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுச் சினைப்பன்றியின் வயிற்றில் இறங்கியது. அதன் அலறலை நிறுத்த அவளே போய்க் கழுத்தை அறுக்க வேண்டியதாயிற்று. "அக்கா, இதெல்லாம் பக்கத்துல ஆள் நின்னு சொல்லித் தர்ற வேலை" என்று துப்பாக்கிக் கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

நகரத்துத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனாள். வாசலில் இருந்தவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஐயா வீட்டுச் சமையல்காரம்மா?" என்றான். "உன்னை வறுக்க வந்தவ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். அடுத்து, பாதுகாப்புப் பயிற்சி என்று பலகை மாட்டியிருந்த ஒருவன். நிற்கும் விதம் காட்டுகிறேன் பேர்வழி என்று இடுப்பில் கை வைத்தான். "மூக்கை எப்படி வைக்கணும்னு நான் காட்டட்டுமா தோங்?" என்று கேட்டுக்கொண்டே துப்பாக்கிப் பிடியால் ஒரே போடு. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்குத் திருப்தியாக இருந்தது. வாயால் தோங், அதாவது தம்பி என்றாளே தவிர, தம்பி வயசுப் பையன் ஆயிற்றே என்றெல்லாம் பார்க்கவில்லை.

தோட்டா உறை பொறுக்கி விற்கிற பெண்ணொருத்திதான் கடைசியில் வழி சொன்னாள். பழைய சுண்ணாம்புக் குவாரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜோவெலின் சொல்லித் தருகிறாள் என்று. மற்ற நாட்களில் பல் டாக்டர். பெர்லித்தாவைவிடப் பாதி வயசு, சிவப்புச் சாயமடித்த தலைமுடி, வாய் மட்டும் தேள் கொடுக்கு.

"நாங், உங்க விஷயம் ஊருக்கே தெரியும்" என்றாள் ஜோவெலின். மூத்தவள் என்பதால் நாங் என்ற மரியாதை, குரலில் அது இல்லை. "நான் சொல்லித் தர்றது போட்டி. பழிவாங்கணும்னா வேற இடம் பாருங்க."

"எனக்கு ஆள் சாக வேணாம். நான் சாகாம இருக்கணும். டொட்டோய் வாயில இருந்து பேர் வரணும்."

"அப்ப நிக்கக் கத்துக்கோங்க மொதல்ல. பன்னி முன்னால நிக்கிற மாதிரி நிக்கிறீங்க."

விளையாட்டு எளிதுதான். விசில் ஊதியதும் உறையிலிருந்து உருவ வேண்டும். ஆள் உருவில் குறியாக நிற்கும் பழுப்பு அட்டை ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா. நடுநடுவே கைகள் தூக்கிய மாதிரி வரைந்த வெள்ளை அட்டைகள் நிற்கும், அவற்றில் படக்கூடாது, பட்டால் எடுத்த புள்ளி போய்விடும். சுட்டு முடித்ததும் தோட்டாக்கூட்டை உருவி, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, காலி என்று நடுவருக்குக் காட்டிவிட்டுத்தான் உறையில் போட வேண்டும். அதை மறந்தால் அன்றைக்கு ஆட்டம் குளோஸ். ஒருமுறை மறந்தாள். எல்லார் முன்னாலும் ஜோவெலின் வாசலைக் காட்டினாள். போன ஜென்மத்துப் பகையாளியைப் பார்ப்பது போல முறைத்துவிட்டுப் போன பெர்லித்தா, அதற்குப்பிறகு அடுப்படியில் நின்றுகூட அதையே பழகினாள். உருவு, திற, காட்டு. தூக்கத்திலும் கை அதைச் செய்யும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

வெள்ளை அட்டை மட்டும் அவளுக்குக் கைவரவே இல்லை. சுட ஆரம்பித்தால் ரத்தம் தலைக்கேறிவிடும், குறுக்கே எது நின்றாலும் அடித்துவிடுவாள்.

"அந்த அட்டை உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? கைதான் தூக்கியிருக்கே" என்பாள் ஜோவெலின்.

"தூக்குன கையை நாளைக்கு இறக்குவான், கோச்."

"இதனாலதான் நாங், நீங்க சம்பாதிச்சதையெல்லாம் நீங்களே தொலைக்கிறீங்க."

ஆனாலும் ஊர்த் திருவிழாப் போட்டியில் பெண்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தாள். வெள்ளையை அடிக்காமல் இருந்திருந்தால் முதலிடம். கோப்பையை ருபெர்த்தோ படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

விசாரணைக்கு முந்தின காலை வந்தார்கள். அதே வண்டி. வாட்டிய பன்றியை அப்போதுதான் பலகையில் இறக்கியிருந்தாள். பின்னால் இருந்தவன் சட்டைக்குள் கைவிட்டதைப் பார்த்ததும் அவள் கை தானாகவே இடுப்பு உறையில் இருந்த துப்பாக்கிக்குப் போயிற்று. அவனுக்கு இரண்டு. நெஞ்சில் வாங்கி மல்லாந்து விழுந்து அங்கேயே செத்தான், துப்பாக்கி தெருவில் உருண்டது. டொட்டோய்க்கு இரண்டு. ஒன்று தோளைப் பிய்த்துக்கொண்டு போயிற்று, ஒன்று காற்றில் போயிற்று. வண்டியோடு சாய்ந்தான். எதிரே நின்றுகொண்டிருந்த இரண்டு அட்டைகளும் கீழே.

ஆட்டம் முடிந்தது என்று அவள் கைகள் நினைத்துக்கொண்டன. தோட்டாக்கூட்டை உருவினாள். அறையைத் திறந்தாள், உள்ளே இருந்த தோட்டா துள்ளிக் கரியில் விழுந்தது. காலித் துப்பாக்கியைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினாள். பார்க்க நடுவர் யாரும் இல்லை. பாழாய்ப் போன கை.

டொட்டோய் ஊர்ந்துபோய் தெருவில் கிடந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். அவள் இடது காது பிய்ந்து தொங்கியது. அடுத்த தோட்டா வறுத்த பன்றியின் விலாவில் புதைந்தது. பெர்லித்தா கையிலிருந்ததை அவன் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வெட்டுக்கத்தியோடு பாய்ந்தாள். எலும்புக்கு இடையில் எங்கே இறக்க வேண்டும் என்று அவளுக்கா தெரியாது. ஒரே வெட்டில் கை மணிக்கட்டோடு அறுந்து துப்பாக்கியோடு தனியாகப் போய் விழுந்தது.

டொட்டோய் முழங்காலில் நின்றான். ரத்தம் குபுகுபுவென்று அவன் முகத்திலேயே ஒழுக, இரண்டு கைகளையும் மேலே தூக்கினான், ஒன்றில் விரல்கள் இல்லை.

"சொல்லிடுறேன் நாங். யார் அனுப்புனாங்கன்னு சொல்லிடுறேன். பேரு..."

கத்தி அதற்குள் இறங்கிவிட்டது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், பன்றிக்கு இறங்குகிற அதே இடத்தில். அவன் வாய் திறந்து மூடியது, காற்றும் நுரையும்தான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வெட்டுவாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சொல்லுடா, சொல்லித் தொலைடா" என்று அவனை உலுக்கினாள். விரல்களுக்கு இடையில் கொப்பளித்து வந்தது, பிறகு நின்றுபோயிற்று.

ஜோவெலின் செய்தி கேட்டு டாக்டர் கோட்டோடு ஓடி வந்தபோது, பெர்லித்தா பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர்கள் சுற்றி நின்றார்கள். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவள் கை எடுக்கவில்லை.

ஜோவெலின் பக்கத்தில் குத்தவைத்துக் காதில் துணியை அழுத்தினாள். "உயிரோட இருக்கீங்க நாங். அது போதும். பேரைச் சொன்னானா?"

"சொல்றேன்னு கையைத் தூக்குனான்."

"அப்புறம்?"

பெர்லித்தா தெருவைப் பார்த்தாள். சந்தைக்காரர்கள், கறி வாங்க வந்தவர்கள், கார்க் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தவர்கள். அவர்களில் எவன் வேண்டுமானாலும் அனுப்பியவனாக இருக்கலாம், நாளைக்கு வந்து நல்ல தொடைக்கறியாகப் போடு என்று கேட்கலாம், இவளும் வெட்டிப் போடுவாள்.

"வெள்ளையில அடிச்சுட்டேன், கோச்" என்றாள்.