எண்ணூர் கொடுவாவும் ஒரு டின் ஒலிவ எண்ணெயும்

1951 மே மாதக் கடைசியில் நானும் என் மனைவி புஷ்பமும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தோம். போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கும் என்னைப் போலவே தலை சுற்றும். புஷ்பத்துக்கு ஒரே ஓர் அண்ணன், பெயர் சவரிமுத்து. யுத்த காலத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இப்போது ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு துறைமுகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். ஐந்து வருஷமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை. எங்கள் கல்யாணத்துக்கே அவர் வரவில்லை. ஏன் என்று கேட்டால், "அது எண்ணெய் விவகாரம், விடுங்க" என்பாள் புஷ்பம். நான் பள்ளிக்கூட வாத்தியார். எண்ணெய் விவகாரம் என்றால் செக்கில் பங்குத் தகராறு என்றுதான் எனக்குப் புரியும். நாலு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் மச்சானின் மனைவி ரோசம்மாளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மகள் பிலோமினாவுக்குப் புதுநன்மை, அத்தை வந்தால்தான் வைப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார், எப்படியாவது வரவும் என்று எழுதியிருந்தாள். (புதுநன்மை என்பது எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான் பெரிய விசேஷம்.) புஷ்பம் கார்டைப் படித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மூன்றாம் நாள், ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நான் சந்தோஷப்படுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாள்.

"பிள்ளைக்காக வாரேன். ஆனா அண்ணன் கையால ஒரு வாய் திங்க மாட்டேன்."

வீடு தேடிப் போய்ச் சாப்பிடாமல் திரும்புவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போகாமல் இருந்தாலாவது என்றைக்காவது ஒரு நாள் போகலாம் என்ற நம்பிக்கை மிச்சம் இருக்கும். இப்படிப் போய்விட்டு வந்தால் அதுவும் கிடையாது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மாலை நாலு மணிக்கு ரயில் ஏறி, மறுநாள் காலை பத்தரைக்கு எழும்பூரில் இறங்கினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்குப் பத்து ரூபாய்ச் சொச்சம். எழும்பூரிலிருந்து பாரிமுனைக்கு டிராம், ஆளுக்கு ஒன்றரை அணா. அங்கே கைரிக்‌ஷாவுக்குப் பேரம் பேசினேன். இரண்டு மைலுக்கு ஒரு ரூபாய் கேட்டார் ரிக்‌ஷாக்காரர். ஆறணா என்றேன்.

"இன்னா சார், ஆறணாவுக்கு நீ இஸ்துகினு போ, நான் ஏறிக் குந்திக்கிறேன்" என்றார். பத்தணாவுக்கு முடிந்தது.

கார்டில் இருந்த கதவு எண்ணில் தெருவில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று பழைய எண், ஒன்று புது எண். நான் தைரியமாகத் தட்டிய வீட்டில் யாரோ ஒரு ரயில்வே குமாஸ்தா முகத்தில் சவரச் சோப்போடு வந்து நின்றார். ஆகவே விலாசம் வாங்கும்போது, பழைய எண்ணா புது எண்ணா என்று கேட்டு வாங்குங்கள்.

சரியான வீட்டில் ரோசம்மாள்தான் கதவைத் திறந்தாள். "இன்னா அண்ணே, அங்கியே நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க. வா புஷ்பம், உங்க அண்ணன் காலையிலேர்ந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகினே கீறாரு" என்றாள். மச்சான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தங்கையைப் பார்த்தார். "ரயில்ல கூட்டமா?" என்று என்னிடம் கேட்டார். புஷ்பம் சுவரில் மாட்டியிருந்த சேசுவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாடுதான் என்னை முதலில் குழப்பியது. இருபது தேசத்து மாலுமிகளுக்குச் சமைத்துப் போட்டவர் என்று கேள்விப்பட்டு, இரண்டு நாளாகவே நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். வந்தது நல்லெண்ணெயில் வைத்த ஒரு மீன் குழம்பு. புளி தனியாக நின்றது, மிளகாய் தனியாக நின்றது. மச்சான் என் முகத்தைப் பார்த்து, "நம்ம ஊர்ச் சமையல் கை மறந்துபோச்சு மாப்ள" என்றார். மறந்துபோனதை எதற்கு வைக்க வேண்டும், தெரிந்ததை வைக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். புஷ்பம் வயிறு சரியில்லை என்று சொல்லி, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தாள். ரயிலில் மிஞ்சியது அது.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய தகர டின், மேலே நாளிதழ் போட்டு மூடியிருந்தது. அது என்ன என்று சும்மா கேட்டேன். "அது ஒண்ணுமில்ல" என்றார் மச்சான். "காது வலிக்கு" என்றாள் ரோசம்மாள். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. அரை மணங்கு டின் பிடிக்கிற அளவுக்கு ஒரு குடும்பத்தில் காது வலி இருக்குமா என்று எனக்கு விளங்கவில்லை. புஷ்பம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருந்தது. எட்டு வயதுப் பிலோமினா உட்பட.

சனிக்கிழமை காலை மச்சான் என்னை எண்ணூருக்குக் கூட்டிப்போனார். மறுநாள் விசேஷத்துக்கு நண்டும் இறாலும் சொல்லிவைக்க வேண்டும். ராயபுரத்தில் ஏழு ஐம்பதுக்கு வண்டி, எட்டு மைல், ஆளுக்கு மூன்றணா, நாற்பது நிமிஷம். கடல் தெரிகிற வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆனால் எஞ்சின் புகையும் அன்றைக்கு அந்தப் பக்கம்தான் அடித்தது. திருவொற்றியூரில் இடது பக்கம் கோபுரம் தெரிந்தது, கூடவே தொழிற்சாலைப் புகைபோக்கிகளும். எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

எண்ணூரில் கழிமுகம் கடலோடு சேருகிற இடத்தில் மீன் வந்து இறங்குகிறது. மூன்று பவுண்டு தேறும் ஒரு கொடுவாவை ஒன்றேகால் ரூபாய்க்கு வாங்கினோம். மணலில் உட்கார்ந்து திரும்புகிற வண்டிக்குக் காத்திருந்தபோது நான் கேட்டே விட்டேன். "மச்சான், அந்தச் செக்கு இப்போ யாரிடம் இருக்கு?"

"எந்தச் செக்கு?" என்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மீனை மணலில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அவ ஒண்ணுமே சொல்லலையா மாப்ள?"

பிறகு அவரே சொன்னார். யுத்தம் முடிகிற சமயம் அவருடைய கப்பல் பழுதாகி இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் பதினொரு மாதம் நின்றுவிட்டது. கையில் காசில்லாமல், ஒரு விதவையின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப்போய்ச் சமையல் கற்றுக்கொண்டார். அங்கே எல்லாம் ஒலிவ எண்ணெய்தான். மீன், தக்காளி, பூண்டு, உப்பு, அந்த எண்ணெய். வேறு மசாலா கிடையாது. 1946-இல் ஊருக்கு வரும்போது ஒரு டின் கொண்டுவந்தார். அப்போது அப்பா மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார்.

என் மாமனார் உபதேசியார். முப்பது வருஷம் பங்குச் சாமியாரோடு சாகக்கிடக்கிறவர்கள் வீடுகளுக்குப் போய் வந்தவர். எங்கள் முறைப்படி, சாகும் தறுவாயில் இருப்பவருக்குச் சாமியார் வந்து மந்திரித்த எண்ணெய் பூசுவார். அதற்கு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். அந்த எண்ணெய் ஒலிவ எண்ணெய். எங்கள் ஊரில் வேறு எதற்கும் அதை யாரும் எடுப்பதில்லை, மருந்துக் கடையில் சின்னக் குப்பி வாங்கிக் காதுக்கு விடுவதைத் தவிர.

"நான் அதுல மீன் வறுத்தேன் மாப்ள. கப்பல் புத்தி. வீடு பூரா வாசனை. புஷ்பம் கோயிலுக்குப் போயிருந்தா. அவ திரும்பி வரும்போது அப்பா எல்லாரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காக, சாமியாருக்கு ஆள் போயிருக்கு. மூணாம் நாள் போயிட்டாக. அப்பாவுக்கு அவஸ்தைப்பூசுதல் நீயே குடுத்துட்டியேண்ணேன்னு கேட்டா. அன்னைக்கே கிளம்பிட்டேன்."

"அவர் அந்த வாசனைக்குப் பயந்துபோய்விட்டாரா?" என்றேன்.

மச்சான் மீன்மேல் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். "வாசனை மட்டும் இல்ல. சாப்பிட்டாக. என்னலே மணக்குதுன்னு கேட்டு, கொண்டாரச் சொல்லிச் சாப்பிட்டாக. காமாலைக்காரருக்கு எண்ணெய் ஆகாதுன்னு வைத்தியர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. கேட்டாகளேன்னு குடுத்துட்டேன்" என்றார். கடலைப் பார்த்துக்கொண்டே, "நாந்தான் கொன்னுட்டேன்" என்றார்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. வரும் வழியெல்லாம் நான் இதை மண்டைக்குள் ஒழுங்கு செய்து பார்த்தேன். ஒழுங்குக்கு வரவில்லை. எது புஷ்பத்துக்குத் தெரிந்தது, எது மச்சானுக்கு மட்டும் தெரிந்தது என்பது எனக்கு ஒன்றோடொன்று கலந்துபோயிற்று. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ரோசம்மாள் மீனைத் தூக்கிப் பார்த்து, "ஷோக்கா கீது" என்றாள். எதையாவது பேச வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன். "ஏன் புஷ்பம், அப்பா அந்த மீனை அவ்வளவு ஆசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே, அப்புறம் நீ ஏன் அண்ணனைக் கோபித்தாய்?"

மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரோசம்மாள் மீனைக் கீழே வைத்தாள். தன் வாயால் கெடும் நுணலாகிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புஷ்பம் ஐந்து வருஷத்தில் முதல்தடவையாக அண்ணனைப் பார்த்து, "அப்பா சாப்பிட்டாகளா?" என்றாள்.

"மன்னிச்சிரு புஷ்பம். ரெண்டு துண்டு."

"எப்படிச் சாப்பிட்டாக?"

"சுவத்துல சாஞ்சு உக்காந்து. விரலைக்கூட சூப்பினாக."

"ஏதாவது சொன்னாகளா?"

மச்சான் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "முப்பது வருஷமா இதை ஒவ்வொருத்தன் நெத்தியிலயும் பூசப் பாத்திருக்கேன், ருசி இப்பத்தாம்லே தெரியுதுன்னு சொல்லிச் சிரிச்சாக. அதுக்கப்புறந்தான் சாமியாரைக் கூப்பிடச் சொன்னாக."

புஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கோபமா, துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. இனி நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபதம் எடுத்தேன். பிறகு பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"பயந்து செத்தாகன்னுல்ல நெனச்சேன். அஞ்சு வருஷமா அதையே நெனச்சு நெனச்சு எனக்கு உறக்கம் இல்ல" என்றாள். "சாப்பிட்டுத்தான் போனாகளா? சிரிச்சாகளா?" இதையே மூன்று நாலு முறை கேட்டாள். மச்சானும் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றார். அவர் பாவம் என்று ஒளித்துவைத்திருந்தது அவளுக்கு எப்படி மருந்தாயிற்று என்று இன்றைக்கும் நான் யோசிக்கிறேன். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, ஆனால் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மதினி, அந்த டின்னை எடுங்க" என்றாள் புஷ்பம்.

செய்முறை கேட்பவர்களுக்கு: அகலமான சட்டியில் எண்ணெயைக் காயவிட்டு, நசுக்கிய பூண்டு பத்துப் பல். அது சிவப்பதற்கு முன்னால் ஆறு தக்காளியைக் கையால் பிசைந்து போட வேண்டும். உப்பு. தக்காளி கரைந்ததும் மீன் துண்டுகளை வரிசையாக வைத்து மூடி, கால் மணி நேரம் கிளறாமல் விட வேண்டும். இறக்கிவைத்து எலுமிச்சம்பழம். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ரொட்டிக் கடை ரொட்டியைக் கிள்ளிச் சட்டியின் அடியில் தொட்டுச் சாப்பிட்டபோது, முதல் நாள் மச்சானுக்கு ஏன் கை மறந்துபோயிற்று என்று எனக்கு விளங்கிவிட்டது. எங்களுக்குப் பிடித்தபடி செய்ய வேண்டும் என்று பயந்துகொண்டே சமைத்திருக்கிறார்.

மச்சான் தங்கையின் தட்டில் ஒரு துண்டு வைத்துவிட்டு நிறுத்தினார். புஷ்பம் தட்டை நகர்த்தவில்லை.

"அப்பாவுக்கு வச்ச மாதிரி வைங்கண்ணே" என்றாள். "ரெண்டு."

மறுநாள் பிலோமினாவுக்குப் புதுநன்மை நடந்தது. வெள்ளைக் கவுனும் முக்காடும் போட்டுக்கொண்டு அவள் அத்தையின் கையை விடவே இல்லை.

இதே பாதையில் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எண்ணூருக்குக் காலை முதல் வண்டியிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் நல்ல மீன் மிஞ்சாது. ஒலிவ எண்ணெய் நம் மளிகைக் கடைகளில் கிடைக்காது. துறைமுகத்தில் இத்தாலிக் கப்பல் நிற்கும்போது தெரிந்தவர்கள் இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் மருந்துக் கடைதான், எட்டுக் குப்பி சேர்த்தால் ஒரு மீனுக்குக் காணும். அண்ணன் தங்கை சண்டை எதற்கு என்று தெரியாமல் யாரோடும் பயணம் கிளம்பாதீர்கள். கிளம்பிவிட்டால் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் என் விஷயத்தில் அது பொருந்தவில்லை.

மச்சான் கொடுத்தனுப்பிய பாட்டிலோடு ஊருக்கு வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் எங்கள் வீட்டில் அந்த மீனைச் செய்தாள். கால் மணி நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் ஜெபமாலையும் கையுமாக ஓடிவந்தார். மாமனாருக்குப் பிறகு உபதேசியார் ஆனவர் அவர். பின்னாலேயே அவருடைய மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"யாருக்கும்மா முடியல?" என்றார்.

புஷ்பம் இரண்டு தட்டுகளை எடுத்துக் கழுவினாள். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. உக்காருங்க, சாப்பிடலாம்" என்றாள்.