டீக்கடை விசாரணை

கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது என் தொழில். வேலூரில் மாடியில் ஒரே ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், முன்னால் குடியிருந்தவர் சுவரில் விட்டுப்போன உலக வரைபடம். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் சூப்பர்வைசர் முதல் ஜெனரல் மேனேஜர் வரை அனுப்பியிருக்கிறேன். 'தலைமைப் பண்பு உண்டு' என்று எழுதாத ஒரு பயோடேட்டாவை இன்றுவரை நான் பார்த்ததில்லை. வீட்டில் டிவி ரிமோட்டைக் கேட்டு வாங்கத் துப்பில்லாத ஆசாமிகூட அதைத்தான் முதல் வரியில் போட்டிருப்பான்.

அதனால் பயோடேட்டாவை நான் நம்புவதில்லை. பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பதும் வீண். எவன் தொலைந்தால் போதும் என்று இருக்கிறார்களோ, அவனைத்தான் ஆகா ஓகோ என்று புகழ்வார்கள். என் வழி வேறு. கம்பெனி கேட்டுக்கு எதிரில் எப்படியும் ஒரு டீக்கடை இருக்கும். சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சும்மா பேச்சுக் கொடுப்பேன். உங்கள் மேனேஜர் எப்படி? "அந்தாளா? லீவு கேட்டா மூஞ்சத் தூக்கி வச்சிக்குவான் சார்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டினால் ஆள் தேறிவிட்டான். அவனுக்குப் பயப்படாமல் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு "நல்ல மனுஷன்தாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள் என்றால், அவனை நான் எந்தக் கம்பெனிக்கும் அனுப்புவதில்லை. ஒரே ஒரு தடவை அனுப்பினேன்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஆம்பூர் கம்பெனி ஒன்றுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு ஆள் பிடித்துக் கொடுத்தேன். ஷூ தயாரிப்பில் கைதேர்ந்தவர். அவர் பிறந்த ஊரிலும் ஷூ கம்பெனிகள்தான் இருந்தனவாம். ஒவ்வொன்றாக இழுத்து மூடிவிட்டார்கள். அவர் கடைசியாக வேலை பார்த்த கட்டடம் இப்போது ஃபிளாட். மனைவி பிரிந்துவிட்டார், மகள் ஆஸ்திரேலியாவில். இரண்டு வருஷத்துக்கு என்று வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். கம்பெனியில் அவருக்குப் பெயர் தொரை. நேரிலேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது ஏதோ பதவி என்று நினைத்து அவரும் சந்தோஷப்பட்டார்.

வந்த வருஷம் மே மாதம், வெயில் நன்றாக இருக்கிறது என்று மொட்டை மாடியில் அரை டிராயரோடு படுத்துவிட்டார். தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கீழ்வீட்டு அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினார். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சென்னையில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போனவர், இரண்டு மணி நேரமும் டிரைவர், வேலைக்காரி பற்றியே பேசினார்கள் என்று சலித்துக்கொண்டு கிடைத்த ரயிலில் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தொட்டுக்கொண்டு மிஞ்சிய கத்திரிக்காயைத் திங்கட்கிழமை டோஸ்ட்டில் தடவிச் சாப்பிடுவார். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவரோடு நான் பழகினேன் என்றால், அவரை எனக்கு எவ்வளவு பிடித்திருக்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே, 'என் கதவு எப்போதும் திறந்திருக்கும்' என்று தமிழில் எழுதி வாங்கி மாட்டினார். ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை. மேனேஜர் ரூமுக்குத் தனியாகப் போய் வந்தவன் யாரையோ போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறான் என்பதுதானே நம் ஊர் நம்பிக்கை! கதவுதான் இடைஞ்சல் என்று நினைத்து, கார்ப்பென்டரை வரவழைத்துக் கழற்றிவிட்டார். ஏசி காற்று வெளியே போனதுதான் மிச்சம். கடைசியில் மேஜையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தையல் லைனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எல்லோர் கண்ணெதிரிலும் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராதே. அதற்கப்புறம் நூல் அறுந்துபோவதிலிருந்து மாமியார் கொடுமை வரை அவரிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். 'இன்னா பிராப்ளம்' என்பதைத் தவிர அவருக்கு ஒழுங்காகத் தமிழ் வராது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பத்து வருஷம் ஓட்டினார். தலைமைப் பண்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஹோட்டலில் ஏசி ஹால் பிடித்து, பிஸ்கட் கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள்.

அவர் சேர்ந்த புதிதில் அவரைப் பற்றியும் டீக்கடையில் விசாரித்தேன். தையல் லைன் பெண் ஒருத்தி, ஒரு முழு டீ ஆறிப்போகும் வரை திட்டினாள். "தொரையா? பேஜார் புடிச்ச ஆளு சார். ஒவ்வொரு தையலா எண்றாரு. கொஞ்ச நேரம் கண்ண மூடினா 'இன்னா பிராப்ளம்'னு வந்து நிக்கிறாரு." எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவரே சாலையைத் தாண்டி டீ குடிக்க வந்தார். இங்கே என்ன வேலை உனக்கு என்று கேட்டார். என் விசாரணை முறையை ஒளிக்காமல் சொன்னேன். கையிலிருந்த டீ சட்டையில் கொட்டும் வரை சிரித்தார். அதிலிருந்து நான் ஆம்பூர் பக்கம் போனால் அந்த பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்காருவார்.

போன வருஷம் அந்தக் கம்பெனியின் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டில் ஏதோ படித்துவிட்டு வந்தவர், மூச்சுக்கு மூச்சு லீடர்ஷிப் என்பார். தொரைக்கு வயதாகிவிட்டது, நவீனமான ஆள் ஒருவர் வேண்டும், விஷயம் வெளியே தெரியக்கூடாது என்றார். இதைச் சரியாக முடித்தால் இனிமேல் எல்லா வேலைக்கும் உங்கள் மூலமாகத்தான் ஆள் எடுப்போம் என்றும் சொன்னார். தொரைக்கு வேலை போனால் விசா போகும். விசா போனால் மாடி வீடு, மோர் கொடுத்த அம்மா, பிரியாணிக் கத்திரிக்காய் எல்லாமே போகும். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் சரி என்று தலையாட்டினேன்.

ராணிப்பேட்டையில் ஒரு ஆள் அகப்பட்டார். நாற்பது வயது, தேன் மாதிரி இங்கிலீஷ், பயோடேட்டாவில் ஏழு இடத்தில் தலைமைப் பண்பு. வழக்கம்போல அவர் கம்பெனிக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனேன். பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் அவர் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஒருத்தி கிளாஸைப் பார்த்தாள். "நல்ல மனுஷன்தாங்க." மற்றவர்கள் பஸ் வந்துவிட்டது என்று எழுந்தார்கள். பஸ் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை அந்த ஆளின் பயோடேட்டாவைச் சின்ன முதலாளிக்கு அனுப்பினேன். இதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை. பேராசைதான், வேறென்ன.

ஒரு மாதம் கழித்துத் தொரை என் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, வேறு எங்கேயாவது வேலை இருக்குமா என்று கேட்டார். ஆளை அனுப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் எந்த ரகசியம் இரண்டு நாள் தாங்கியிருக்கிறது? என்னிடம் ஒரு ஃபாரம் உண்டு. மேனேஜரானாலும் கையால்தான் நிரப்பவேண்டும். பெயர், வயது, அனுபவம் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். இதற்கு என்ன போடுவது என்று கேட்டார். சொந்த ஊர் விலாசம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை விட்டு அடுத்த வரிக்குப் போனார்.

எழுதி முடித்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார். "புதிதாக வருகிறவரைப் பற்றி டீக்கடையில் விசாரித்தாயா?"

"விசாரித்தேன்."

"நானும் போன வாரம் ராணிப்பேட்டைக்குப் போய் விசாரித்தேன். என் தமிழ்தான் உனக்குத் தெரியுமே. ஆனால் அவர்கள் ஒன்றுமே பேசவில்லை. அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் எதற்கு?"

இந்த வயதில் வேலை போனதற்காக என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு நான்கைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"என் லைன் பெண்களிடமா அவனை அனுப்பினாய்?" என்றார். ஃபாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனார். அவருக்காக ஏழெட்டு இடத்தில் சொல்லிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர் வேண்டாம் என்றார்கள். விசா முடிகிற வாரத்தில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

சின்ன முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆம்பூர் வேலை எனக்கு ஜாஸ்தியாகிவிட்டது. போன மாதம் ஒரு சூப்பர்வைசரைப் பற்றி விசாரிக்க அதே டீக்கடைக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷிஃப்ட் விட்டது. முன்பு டீ ஆறும் வரை தொரையைத் திட்டிய பெண்ணும் வந்தாள். எப்படிம்மா இருக்கே என்று கேட்டேன். நல்லா இருக்கேங்க என்றாள். கிளாஸை எடுத்துக்கொண்டு சாலையோரமாகப் போய் நின்றாள். மற்றவர்களும் அங்கேயே போனார்கள். பெஞ்சில் என்னைத் தவிர யாருமில்லை.

கடைக்கார பாய் என்னை ஆரம்பத்திலிருந்தே அறிந்தவர். காசைக் கொடுக்கும்போது கேட்டேன். "இன்னா பாய், என்னைப் பத்தி இங்க எதுனா பேசிக்கிறாங்களா?"

பாய் கழுவிக்கொண்டிருந்த கிளாஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு இன்னா சார்," என்றார். "நல்ல மனுஷன்னுதான் சொல்றாங்க."