பொட்டு வைத்த விமானப் பெட்டி

என் நானாவைப் பற்றி வெளியில் குறை சொல்லித் திரிகிறவள் இல்லை நான். ஆனாலும் விஜிக்கு அவர் செய்த காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடை என் கூடப்பிறந்த மூத்த நானா காமிலுடையது. காசு மேசையில் உட்கார்ந்திருப்பது நான், றஷீனா. சாமான் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவள் விஜயலெட்சுமி, எங்கள் விஜி. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள்.

ஒரு மழை நாளில், பெட்டி கிழிந்து விற்க முடியாமல் கிடந்த ஒரு மாதிரி விமானத்தை அவள் எடுத்து ஒட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கோந்து போட்டுச் செய்கிற, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன விமானம். அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தப் பைத்தியம். அதன் பிறகு கொழும்பிலிருந்து எந்த விமானப் பெட்டி வந்தாலும், அதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் அலுமாரியில் அடுக்க விடமாட்டாள்.

அவள் பார்க்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். துண்டுகளின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவுவாள். இறக்கையைக் கண்ணாடி மேசையில் வைத்து, நுனி எழும்பி நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். உடம்பின் இரண்டு பாதியையும் கோந்தில்லாமல் சேர்த்து வாசல் பக்கம் தூக்கிப் பிடிப்பாள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பெட்டியை மூடிவிடுவாள். விமானி உட்காரும் இடத்து மூடி தெளிவாக இருக்க வேண்டும், ஒட்டுகிற சின்னங்கள் தண்ணீரில் கரைந்து போகக் கூடாது. மலையில் அவளுடைய அம்மா பறித்த கொழுந்தைக் கொட்டி, முத்தல் இலை இருக்கிறது என்று கழித்துப் போடுவார்களாம். எங்க கூடைய அப்புடிப் பாக்குறாங்க, இந்தப் பெட்டிய நான் பாத்தா மட்டும் என்னாவாம் என்று கேட்பாள். நியாயம்தானே.

எல்லாம் சரியாக இருந்தால், அந்தத் தடவை வந்த பெட்டிகளுக்கெல்லாம் மூலையில் சந்தனம் வைத்து, அது காய்வதற்குள் நடுவில் குங்குமம் வைப்பாள். ஆயுத பூசைக்குத் தோட்டத்து ஃபெக்டரி மிஷினுக்கு வைக்கிற மாதிரி. நானா முதலில் முணுமுணுத்தார். பிறகு பார்த்தால், வருகிறவர்கள் சிங்களம் பேசினாலும் தமிழ் பேசினாலும் பொட்டைத் தேடித்தான் பெட்டியை எடுத்தார்கள். நானாவின் வாய் தானாக அடங்கிவிட்டது.

அந்தப் பொட்டை நம்பி வருகிறவர்களில் ஒருவர் லுணுகலை அழகையா. ஃபெக்டரியில் மிஷின் பார்த்தவர். பாரிசவாதம் வந்து வலது கை விளங்காமல் போய், விரலுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால் விமானம் ஒட்ட ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் ஒட்டி முடித்ததும் விஜியிடம் கொண்டுவந்து காட்டுவார். ஒவ்வொரு தடவையும் விரல்கள் கொஞ்சம் கூடுதலாக மடங்கும். அதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம்.

போன மாதம் வந்த ஒரு சரக்கை விஜி ஆகாது என்று ஒதுக்கி வைத்தாள். இறக்கை முறுகியிருந்தது, உடம்பு சேரவில்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்று கொழும்புக்காரன் சொல்லிவிட்டான். அவள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு லீவில் போய் வந்தாள். அடுத்த வாரம் அழகையா வந்தார். வந்தவர் ஒரு பையை மேசையில் வைத்தார். உள்ளே அவருடைய சின்னக் கத்தி, இடுக்கி, கோந்துப் போத்தல், விஜி லீவில் இருந்தபோது வாங்கிப் போய் அரைகுறையாக ஒட்டிய ஒரு விமானப் பெட்டி.

"இதெல்லாம் நீயே வச்சுக்க தாயி. எனக்கு இனி வேணாம்," என்றார். "எத்தன தடவ சேத்தாலும் சேரமாட்டேங்குது. பொட்டு வச்ச பெட்டியில குத்தம் இருக்காது. என் கைதான் மறுபடி போயிருச்சு."

விஜி பெட்டியை எடுத்து மூலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். பொட்டு இருந்தது. ஆனால் குங்குமம் அடியில், சந்தனம் அதற்கு மேலே, சேறு மாதிரிக் குழம்பிக் கிடந்தது. எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் தூக்கத்தில்கூட அப்படி வைக்காது.

"மொதலாளி, இந்தப் பொட்ட யாரு வச்சது?"

நானா தலையை நிமிர்த்தாமலே, "ஒரு பொட்டுத்தானே புள்ள, அதுக்கென்ன இப்ப," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காசு மேசையை அப்படியே கவிழ்த்திருப்பேன். அவள் லீவில் இருந்தபோது, நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய சந்தன, குங்கும டப்பாவையே திறந்து, அவள் ஆகாது என்று ஒதுக்கிய பெட்டிகளுக்கு இந்த மனுஷன் பொட்டு வைத்திருக்கிறார். ஊரார் தலையில் மிளகாய் அரைக்க அந்தப் பிள்ளையின் விரல்தானா கிடைத்தது? வெட்கமாக இல்லையா என்று வாய்விட்டே கேட்டேன்.

விஜி சண்டை போடவில்லை. அழகையாவின் இறக்கையைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். இரண்டு நுனியும் எழும்பி நின்றன. பிறகு தான் பார்த்துத் தேர்ந்த ஒரு பெட்டியைப் பிரித்து, துண்டுகளை வெட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"கோந்து வேணாம் பெரியப்பா. சும்மா சேத்துப் பாருங்க."

அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவள் விடவில்லை. மெல்ல இறக்கையை உடம்பில் பொருத்தினார். பட்டென்று உட்கார்ந்தது. கழற்றி, மறுபடி பொருத்தினார். மறுபடியும் உட்கார்ந்தது. மனுஷன் கடை நடுவிலேயே அழுதுவிட்டார்.

"அப்ப என் கைக்கு ஒண்ணுமில்லையா தாயி?"

"ஒண்ணுமில்ல பெரியப்பா." அவள் பையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் நானாவின் பக்கம் திரும்பினாள்.

"இவரு வந்ததால தெரிஞ்சுச்சு. இன்னும் யாரு யாரு வீட்டுல இத வச்சுக்கிட்டு, என் கை சரியில்லன்னு ஒக்காந்திருக்காங்களோ. அவங்கள எங்க போயித் தேடுவீங்க மொதலாளி?"

நானா எழுந்து பின்னால் சாமான் அறைக்குப் போய்விட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான், என்னிடம் இன்னும் திறக்கவில்லை. திறந்தாலும் நான் கேட்கப் போவதில்லை.

அழகையா போனதும் விஜி ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பொட்டைத் துடைத்தாள். அவள் கையாலேயே வைத்தவற்றையும் துடைப்பதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. எது உன்னுடையது என்றுதான் பார்த்த உடனே தெரிகிறதே, அதையாவது விடேன் என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள் துடைத்துக்கொண்டே. "வாங்க வர்றவங்களுக்குத் தெரியுமா?"