ஆறு ஹொப்ஸும் ஒரு தாச்சியும்

ஹொப்ஸை நான் வறுத்தேன். தாச்சியில், எண்ணெய் விடாமல், இளஞ்சூட்டில், கைவிடாமல் கிளறி... பொன்னிறமாகும் வரை. வீட்டில் பியர் காய்ச்சுகிற வாசகர்கள் இந்த இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துச் சிரித்து முடிக்கலாம். நான் காத்திருக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு விளக்கம். ஹொப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற காய்ந்த பூ. அதில் எத்தனையோ வகை. ஒன்று தோடம்பழத் தோல்போல மணக்கும், இன்னொன்று மாம்பழம்போல, வேறொன்று வெட்டிய புல்போல. அதிகம் சூடு பட்டால் வாசம் பறந்துவிடும். எனக்குத் தெரியாதா? பைக்கற்றிலேயே எழுதியிருந்தது. ஆனால் பலதைக் கலக்கப்போகிறோம் என்றவுடன் என் யாழ்ப்பாணத்து மூளை நேரே கறித்தூளுக்குப் போய்விட்டது. மல்லி, சீரகம், மிளகு — வறுக்காமல் எதையாவது நாங்கள் கலந்திருக்கிறோமா?

விஷயம் விளையாட்டில்லை. மச்சான் கேதீஸுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். என் மனைவி வாசுகியின் அண்ணன். நீண்டகாலம் ஜேர்மனியில் இருந்துவிட்டு இப்போது எங்கள் நகரத்திலேயே, ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறார். ஜேர்மனியில் இருந்து வந்த தமிழனிடம் பியரைப் பற்றிக் கதைப்பது, ஐயருக்கே மந்திரம் சொல்லிக் காட்டுவது மாதிரி. அவரிடம்தான் போனில் அடித்துவிட்டிருந்தேன்:

"மச்சான், ஒரு போத்தலும் வாங்காதையுங்கோ. பார்ட்டிக்குப் பேல் ஏல் பியர் முழுக்க என்ர பொறுப்பு."

"பாப்பம்" என்றார். அந்தப் 'பாப்பம்' இருக்கிறதே... அதற்குப் பிறகு நித்திரை வருமா?

ஆறு வகை வாங்கினேன். ஆறையும் ஒன்றாகத் தாச்சியில் போட்டேன். புகை எழும்பியது, அலாரம் கத்தியது. வேலை முடிந்து வந்த வாசுகி கோட்டைக் கழற்றாமலே குசினிக்குள் ஓடி வந்தாள்.

"என்னப்பா இது? ஈரச் சப்பாத்தைக் காயவைக்க அடுப்புக்குள்ள வச்சனீங்களோ?"

"இல்லையப்பா, அண்ணைக்குப் பியர் செய்யிறன்."

"பிறந்தநாளைச் செத்தவீடாக்கப் போறியளோ?"

எறிய மனம் வராமல் அதையே போட்டுக் காய்ச்சினேன். நொதித்து முடிந்ததும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். சிகரெட் தட்டைக் கழுவிய தண்ணீர் எப்படி இருக்கும் என்று இனி யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. முழுவதையும் ஸிங்குக்குள் ஊற்றினேன். பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

திரும்பவும் கடைக்குப் போனேன். புத்தி வந்ததா? இல்லை, இந்த முறை எட்டு வகை வாங்கினேன்!

வாசுகி எட்டையும் பார்த்தாள். "தனித்தனியா மணந்து பாத்தனீங்களோ?"

நான் பைக்கற்றுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் எட்டுக் கோப்பைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வகை போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, மூக்கை வைத்தாள்.

"இது பூனை மூத்திரம். வேண்டாம்."

"ஐயோ, அதுதான் விலை கூடினது!"

"அப்ப விலை கூடின பூனை."

கடைசியில் மிஞ்சியது இரண்டே இரண்டு. தோடம்பழத் தோல் மணக்கிற கஸ்கேட், மாம்பழம் மணக்கிற சிட்ரா. இரண்டையும் ஒரே கோப்பையில் சேர்த்து என்னிடம் நீட்டினாள். அட... சுகமாய் இருந்தது!

"ரெண்டுதானோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"ரெண்டு காணும்."

கசப்புக்குக் கொஞ்சத்தைக் கொதிக்கவிட்டு, வாசத்துக்கானதை அடுப்பை அணைத்த பிறகு போட்டேன். தாச்சியை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

கலப்பது என்றால் சேர்ப்பது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பாதி வேலை ஆட்களை வெளியே நிறுத்துவதுதான் போலிருக்கிறது. எங்கள் ஊர்ச் சங்கத்தைப் பாருங்கள் — ஏழு உபதலைவர்கள். தனித்தனியே எல்லாரும் வாசமான மனிதர்கள்தான். ஒரே மேடையில் ஏற்றினால்தான் அலாரம் கத்துகிறது.

போன சனிக்கிழமை போத்தல்களைக் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு இருத்தி, வீட்டிலிருந்து ரெய்னர்ஸ் லேன் வரைக்கும் கைக்குழந்தையோடு போவதுபோல் மெதுவாகப் போனேன். மச்சான் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மணந்தார். குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. முழுவதையும் குடித்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னால் பொறுக்க ஏலுமா?

"மச்சான், ரகசியம் என்னெண்டால் எல்லாத்தையும் சும்மா கலக்கக்கூடாது. ஒவ்வொண்டையும் தனித்தனியா மணக்கவேணும். மூக்கைப் பழக்கவேணும். அது ஒரு கலை. எனக்கு எப்பிடியோ கைவந்திட்டுது..."

அவர் வெறும் கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

"தங்கச்சி எல்லாம் சொன்னவள். ஊத்தும்."