நடு ஏரியில் எஞ்சினை நிறுத்தியபோது

பலெர்மோ மாதிரிக் கடற்கரை நகரத்தில் இருந்துகொண்டு தண்ணீர் பார்க்க விமானம் ஏறிப் போனீர்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் துறைமுகம் வந்துவிடும். ஆனால் போன செப்டெம்பரில் எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நான் காலையில் வேலைக்குப் போகும் வீடு லிபெர்த்தா வீதியில் ஒரு கட்டடத்தில் இருக்கிறது. அங்கே மூன்றாம் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா எல்வீராவும் அவருடைய ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர்களும் வருடத்துக்கு ஒரு பயணம் போவார்கள். இந்த முறை வட இத்தாலியின் பெரிய ஏரிகளில் சிறிய கப்பலில் மூன்று இரவுகள். ஒரு தம்பதிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை வந்து அவர்களுடைய அறை காலியாகிவிட்டது. பாதி விலைக்கு, ஆளுக்கு 390 யூரோவுக்கு, நீங்கள் வருகிறீர்களா என்று சிஞ்ஞோரா கேட்டார். துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலே ஓம் என்றேன்.

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, அதே கட்டடத்தில்தான் வேலை. போர்த்தியேரே என்பார்கள்: வாசலைப் பார்ப்பது, கடிதம் எடுத்து வைப்பது, படி கழுவுவது. மத்தியானம் கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"உமக்கு விருப்பமெண்டால் போவம்," என்றார்.

உங்களுக்கு விருப்பமா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் உல்லாசப் பயணம். அந்த நினைப்பிலேயே கபோ சந்தைக்குப் போய்ச் சூட்கேஸ் வாங்கி, வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். என் வாய் சும்மா இருக்காது என்பதை இதை வாசித்து முடிப்பதற்குள் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

போகிற வழி இதுதான். நகர நடுவிலுள்ள பொலித்தேயாமாவிலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்து, 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து மிலானோ மல்பென்சாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். டிக்கெட் ஆளுக்கு 46 யூரோ, பெட்டிக்குத் தனிக் கட்டணம். மல்பென்சாவிலிருந்து அரோனா என்ற ஏரிக்கரை ஊருக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். மஜ்ஜோரே ஏரியின் தென்முனைக்கு அருகில் இருக்கும் அந்த ஊரில்தான் கப்பல் நின்றது.

கப்பல் என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பத்து அறைகள், இருபது பயணிகள், ஐந்து பணியாளர்கள். அறையில் ஒரு கட்டில், ஒரு வட்ட ஜன்னல். படுத்தால் தண்ணீர் தலையணை மட்டத்துக்கு ஓடுகிறது. சைவக்காரருக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. சோளமாக் களியும் பாலாடைக்கட்டியும் காளான் போட்ட சோறும் தருவார்கள். நான் மிளகாய் இடித்துக் கொண்டுபோன கட்டைச் சம்பலைச் சோளமாக் களியோடு தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

முதல் நாள் ஸ்த்ரேசாவுக்கு எதிரே உள்ள தீவுகள். அங்குள்ள மாளிகைக்கு நுழைவுச்சீட்டு கப்பல் காசில் அடங்காது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வெள்ளை மயில்கள் நடக்கின்றன. இவர் மயிலைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிஞ்ஞோராவும் சிரித்துக்கொண்டே அதைப் போலவே செய்தார். நல்ல நாளாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரம் எல்லோரும் மேல்தளத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தோம். மற்றவர்கள் கையில் வைன், இவர் கையில் தோடம்பழச் சாறு. கப்பல் நடு ஏரிக்கு வந்தது. இரண்டு பக்கமும் கரை கறுத்துத் தெரிந்தது. கப்டன் ஒலிபெருக்கியில், இப்போது பத்து நிமிடம் எஞ்சினையும் விளக்கையும் நிறுத்தப்போகிறேன், ஏரியின் அமைதியைக் கேளுங்கள் என்றார். இந்தக் கப்பலின் சிறப்பே அதுதானாம். விளம்பரத்திலும் படம் போட்டிருந்தார்கள்.

எஞ்சின் நின்றது. தண்ணீர் கப்பலில் தட்டும் சத்தம் மட்டும். எங்கோ தூரத்தில் ஒரு மோட்டார் படகு வந்துகொண்டிருந்தது.

இவர் என் பிடரியில் கையை வைத்துக் கீழே அமுக்கினார். "குனி. தலையை நிமிர்த்தாதை," என்றார். இருபது வருடத்தில் என்னை 'நீர்' என்று மட்டுமே அழைத்த மனிதர். நான் திமிறிக்கொண்டு எழுந்துவிட்டேன். இவர் கதிரைகளுக்கிடையே பலகையில் குப்புறப் படுத்திருந்தார். சாறு கொட்டி ஒரு ஆசிரியையின் வெள்ளைச் சப்பாத்தை நனைத்திருந்தது. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். நாங்கள் வேலை செய்யும் கட்டடத்தின் வீட்டுச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. அந்த நேரம் அவருக்கு என்ன நடந்தது என்று யோசிக்கவில்லை, எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றுதான் யோசித்தேன். சிரித்துக்கொண்டு இத்தாலியனில் சொன்னேன்: "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாமல் இரண்டு கிளாஸ் வைன் குடித்திருப்பார், பழக்கமில்லாத ஆள்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். இவர் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தார். இவருக்கு என்னைவிட நன்றாக இத்தாலியன் தெரியும். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அறைக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது, ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கோபமாகத்தான் கேட்டேன்.

"எஞ்சினை நிப்பாட்டினவன்."

"அதுக்கு?"

"கிளாலியிலை எஞ்சினை நிப்பாட்டினால் படுக்கோணும்," என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை அடைபட்டிருந்தபோது, கிளாலிக் கடல்நீரேரியைச் சனங்கள் இரவில் சிறு படகுகளில் கடந்தார்கள். கடற்படைப் படகின் சத்தம் கேட்டால் ஓட்டி எஞ்சினை நிறுத்திவிடுவார். எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்துக்கொண்டு, சத்தம் கிட்ட வருகிறதா விலகிப் போகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் உயிரோடு கரை சேரவில்லை.

நான் அப்படி வந்தவள் அல்ல. பின்னாளில் பலாலியிலிருந்து விமானத்தில் கொழும்புக்குப் போனவள். கல்யாணம் பேசிய காலத்தில் "நான் கிளாலியாலை வந்தனான்" என்று இவர் ஒரு வரி சொன்னது நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் ஆயிரம் பேர் சொல்லும் வரி அது. எந்தப் பேருந்தில் வந்தாய் என்பதற்கான பதிலைப்போல அதை எடுத்துக்கொண்டு, அடுத்த கதைக்குப் போய்விட்டேன். பலெர்மோவில் இவர் மொந்தெல்லோக் கடலில் நீந்துவார், நாப்போலிக்குக் கப்பலில் போய் வந்திருக்கிறார். அதனால் தண்ணீர் இவருக்கு ஒரு பொருட்டில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

இவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஞாயிறுகளில் பலெர்மோவின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுபவர். இவருடைய அப்பா குடித்தே குடும்பத்தை அழித்தவர். இது எனக்குத் தெரியும். ஆயிரம் சாக்கு இருக்க, என் வாயில் அதுதான் வந்தது.

மறுநாள் காலை உணவுக்கு முன்பே சிஞ்ஞோரா எல்வீராவிடம் போனேன். இவர் குடிக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் பூசிக்கொண்டே, "இரண்டு கிளாஸ் என்ன பெரிய விஷயமா? எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது," என்றார். அவருக்கு அது ஒரு பழியாகவே படவில்லை. நான் எப்படிச் சொன்னாலும் விளங்காது போலிருந்தது. அவசரத்தில் கிளாலிக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது. என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அன்று கப்பல் வடக்கே சுவிஸ் எல்லையைத் தாண்டி லொக்கார்னோ வரை போனது. ஏரி நீளம் 65 கிலோமீட்டர். பாஸ்போட், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அட்டை இரண்டையும் கையில் வைத்திருங்கள். மலைகள் அழகு என்று சொன்னார்கள். நான் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதிகம் எழுத முடியவில்லை.

மாலையில் கப்டன், காற்று சரியில்லாததால் இன்று எஞ்சினை நிறுத்தவில்லை என்று அறிவித்தார். ஏரியில் ஒரு அலைகூட இல்லை. பயணிகள் எங்களைப் பார்த்தார்கள், உடனே பார்வையைத் திருப்பினார்கள். சப்பாத்து நனைந்த ஆசிரியை வந்து இவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி நின்றுவிட்டுப் போனார். இன்னொருவர் கேட்காமலே இவர் தோளில் ஒரு போர்வையைப் போட்டார். இவர் எல்லோருக்கும் "கிராத்சியே" சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கோமோ ஏரி. பேருந்தில் இரண்டு மணி நேரம், பிறகு உள்ளூர்ப் பயணிகள் படகு. பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள்கள், ஒரே சத்தம். இவர் போய் எஞ்சின் அறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், சத்தம் அதிகமான இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் இருந்து, "நான் சொன்னது பிழைதான். அதுதான் சிஞ்ஞோராட்டை உண்மையைச் சொன்னனான்," என்றேன்.

"பொய்யையும் நீர் சொன்னீர், உண்மையையும் நீர் சொன்னீர்," என்றார். "நானும் அங்கைதானே இருந்தனான்."

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன். கோமோ ஏரியைப் பற்றி எனக்கு நினைவில் இருப்பது அந்தப் படகின் எஞ்சின் சத்தம் மட்டும்தான். வீடு திரும்பிய பிறகு இன்று வரை கட்டடத்தில் இவரைக் காணும்போது குரலைத் தாழ்த்திக் கதைக்கிறார்கள். முன்பெல்லாம் வாசலில் நின்று பந்தாட்டம் பற்றி இவரோடு சண்டை பிடித்தவர்கள், இப்போது சுகமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அதையும் நான்தான் இவரிடமிருந்து பறித்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: செப்டெம்பர் நல்ல மாதம், கடும் வெயில் இல்லை, கூட்டமும் குறைவு. மாலையில் குளிரும், கம்பளிச் சட்டை எடுங்கள். கீழ்த்தள அறை மலிவு, ஆனால் எஞ்சின் சத்தம் கேட்கும். சிலருக்கு அதுவே நல்லது. நடு ஏரியில் எஞ்சினை நிறுத்துவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் முன்னால், கூட வருகிறவரிடம் உங்களுக்கு விருப்பமா என்று கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

நானும் வீட்டுக்கு வந்து அப்படித்தான் கேட்டேன். அண்டைக்குக் கிளாலிப் படகிலை உங்களோடை ஆர் இருந்தது என்று கேட்டுவிட்டு, சமையலறைக் கதிரையில் பேசாமல் இருந்தேன். அன்று பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு மலையிலிருந்து இறங்கி வந்து, கால் கழுவிவிட்டு, தானாகவே சொன்னார். முடியும்வரை நான் ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்றும் கேட்டேன்.

"எழுதும். என்ரை பேரைப் போடவேண்டாம்," என்றார். பிறகு, "படகிலை ஆர் இருந்தது எண்டதையும் எழுதவேண்டாம். அது உமக்குச் சொன்னது."

எழுதவில்லை.